திரும்பி வராத பணம்: 11 ஆண்டு டேர்ம் பாலிசி அனுபவம்

இந்த மாதம் 11-வது முறையாகப் பிரீமியம் கட்டினேன். 33 வயதில் எடுத்த ஆயுள் காப்பீட்டுப் பாலிசி. 60 வயது வரை ஓடும். இத்தனை ஆண்டுகளில் விலை ஏறாத பொருள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. இந்தத் தொகை மட்டும் ஏறவில்லை. ஒரே ஒருமுறை மாறியது, அதுவும் குறைந்தது. காரணம் பின்னால் வரும். பாலிசிக் காலத்துக்குள் நான் இறந்தால் மட்டுமே குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் பாலிசி இது. நான் இன்னும் உயிரோடு இருப்பதால், இதன் முக்கியமான பயன் எப்படி இருக்கும் என்பதை என்னால் ஒருபோதும் எழுத முடியாது. மற்றவற்றை எழுதலாம்.

முதலில் எடுக்கவிருந்தது வேறு. சித்தப்பா காப்பீட்டு முகவர். அவர் கொண்டுவந்தது காப்பும் சேமிப்பும் சேர்ந்த எண்டோமெண்ட் பாலிசி. கணக்குக்காகச் சொன்னால், ஆண்டுக்கு 10 ரூபாய் என 20 ஆண்டுகள் கட்டினால், முடிவில் 300 ரூபாய் கிடைக்கும். "கட்டுவது 200, வருவது 300. நடுவில் ஏதாவது ஆனாலும் வீட்டுக்குப் பணம் வரும். இதைவிட என்னப்பா வேண்டும்?" என்றார். அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை மடங்கு என்று கேட்கும்போது பெரிதாகத் தெரிகிறது. ஆண்டு வளர்ச்சியாக மாற்றினால் 4 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அதைவிட உறுத்தியது காப்புத் தொகை. நான் போய்விட்டால் வீட்டுக்குக் கிடைப்பது என் ஒன்றரை ஆண்டுச் சம்பளம். மூத்த மகளுக்கு அப்போது இரண்டு வயது. டேர்ம் பாலிசியில் அதே பிரீமியத்தின் கால் பங்குக்கும் குறைவாகக் கட்டி, ஒன்பது மடங்கு காப்பு கிடைத்தது.

சித்தப்பாவுக்கு வருத்தம்தான். "60 வயது வரை நன்றாக இருந்தால் போட்டதெல்லாம் வீண்தானே?" என்று கேட்டார். அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும். நான் கட்டும் பணத்தில் ஒரு பகுதி, என்னைப் போலவே கட்டிவிட்டு அந்த ஆண்டில் இறந்துபோனவர்களின் வீடுகளுக்குப் போகிறது. இன்னொரு பகுதி என் பிற்கால வயதுக்காக ஒதுக்கப்படுகிறது. வயது வந்தவர்களின் இறப்பு வாய்ப்பு ஏறக்குறைய எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. இது 1825-இல் பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் கண்ட ஒழுங்கு. அந்தக் கணக்கில் 33-ஐவிட 60-இல் ஆபத்து சுமார் பத்து மடங்கு. ஆனாலும் பிரீமியம் மாறாததற்குக் காரணம், இளம் வயதில் கொஞ்சம் கூடுதலாகவும் பின்னால் கொஞ்சம் குறைவாகவும் கட்டும்படி சமன்செய்திருப்பது. இந்த ஏற்பாட்டுக்கு வழிபோட்டவர் ஜேம்ஸ் டாட்சன் என்ற கணித ஆசிரியர். வயது 45-ஐத் தாண்டிவிட்டது என்று ஒரு காப்பீட்டுச் சங்கம் அவரைச் சேர்க்க மறுத்தது. மனிதர் கோபத்தில் வயதுக்கேற்ற பிரீமியத்தைக் கணக்கிட உட்கார்ந்தார் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும். 1757-இல் அவர் இறந்தார். அவர் கணக்கை வைத்து லண்டனில் எக்விடபிள் சங்கம் தொடங்கியது 1762-இல்.

கட்டிய பிரீமியம் முழுவதையும் கடைசியில் திருப்பித் தரும் வகையும் உண்டு. எனக்கும் அதைக் காட்டினார்கள். பிரீமியம் கணிசமாகக் கூடும். திரும்பி வருவதற்கு வட்டி கிடையாது. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், 27 ஆண்டுகள் கழித்து வரும் 100 ரூபாய் இன்றைய 27 ரூபாய்க்குச் சமம். வேண்டாம் என்றேன்.

எவ்வளவுக்கு எடுப்பது என்பதில்தான் அதிக நேரம் போனது. ஆண்டு வருமானத்தைப் போல் 10 மடங்கு என்பார்கள். எங்கள் வீட்டில் அது பொருந்தவில்லை. ஒரு தாளில் குடும்பத்தின் ஆண்டுச் செலவை எழுதி, அதில் என் ஒருவனுக்கு ஆவதைக் கழித்தேன். சின்னவன் சொந்தக்காலில் நிற்கும்வரை எத்தனை ஆண்டுகளோ, அதால் பெருக்கினேன். (சின்னவன் அப்போது பிறக்கவே இல்லை, மனைவி ஏழு மாதம்.) வீட்டுக் கடன் பாக்கியைக் கூட்டி, கையிருப்பைக் கழித்தபோது 13 மடங்குக்கு மேல் வந்தது. அலுவலகக் குழுக் காப்பீட்டையும் கழிக்கலாமே என்றாள் மனைவி. வேலையை விட்டால் அதுவும் போய்விடும் என்பதால் கழிக்கவில்லை. மூன்றாம் ஆண்டு அந்த வேலையை விட்டேன்.

விண்ணப்பத்தில் இரண்டு கேள்விகள் பேனாவை நிறுத்தின. பெற்றோரில் யாருக்காவது 60 வயதுக்கு முன் இதய நோய் உண்டா? அப்பாவுக்கு 54-இல் மாரடைப்பு வந்தது. கடந்த 12 மாதங்களில் புகையிலை பயன்படுத்தியதுண்டா? நாளுக்கு இரண்டு மூன்று சிகரெட். "இரண்டு மூன்றையெல்லாம் யார் எழுதுவார்கள்?" என்றார் உடன் வேலை பார்த்தவர். எழுதினேன். நேர்மை ஒரு பக்கம் இருக்கட்டும். கோட்டினின் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது. நிக்கோட்டின் உடலில் சிதையும்போது உண்டாகும் அந்தப் பொருளைச் சிறுநீரே காட்டிக்கொடுத்துவிடும். பரிசோதனையில் தப்பினாலும், பின்னாளில் குடும்பம் காப்புத் தொகையைக் கேட்டுப் போகும்போது மருத்துவக் குறிப்புகளைக் கேட்பார்கள். அங்கே பதில் சொல்ல நான் இருக்க மாட்டேன். அப்பாவின் மாரடைப்புக்காக டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். அதற்குக் கூடுதல் தொகை போடவில்லை. சிகரெட்டுக்குப் போட்டார்கள், ஒன்றரை மடங்குக்கு மேல். அந்த எரிச்சலோடுதான் முதல் மூன்று ஆண்டுகளும் கட்டினேன்.

36-வது வயதில் சிகரெட்டை விட்டேன். 12 மாதங்கள் கழித்து, புகைக்காதவர் பிரிவுக்கு மாற்றும்படி நிறுவனத்துக்கு எழுதினேன். இதை எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை. என் பாலிசியில் இடம் இருந்தது. மறுபடி பரிசோதனை, மறுபடி படிவம். ஐந்தாம் பிரீமியம் குறைந்து வந்தது. கேட்காமல் இருந்திருந்தால் யாரும் தாமாகக் குறைத்திருக்க மாட்டார்கள்.

ரைடர்களில், அதாவது பாலிசியோடு சேர்த்து எடுக்கும் கூடுதல் காப்புகளில், நான் எடுத்தது ஒன்றே: விபத்திலோ நோயிலோ நிரந்தரமாக முடங்கினால், மேற்கொண்டு பிரீமியம் கட்டாமலேயே பாலிசி தொடரும் என்பது. விபத்து மரணத்துக்குக் கூடுதல் தொகை தரும் ரைடரை எடுக்கவில்லை. நான் எப்படிச் செத்தாலும் வீட்டுச் செலவு ஒன்றுதான்.

ஏழாம் ஆண்டு ஒரு தவறு நடந்தது, முழுக்க என்னுடையது. பிரீமியம் தானாகப் போய்க்கொண்டிருந்த கார்டு காலாவதியானது. புதுக் கார்டு வந்தது. பாலிசியில் எண்ணை மாற்றவில்லை. நினைவூட்டல் கடிதங்கள் எல்லாம் நான் எட்டிப் பார்க்காத பழைய மின்னஞ்சலுக்குப் போயின. எதையோ தேடப்போய் அந்தக் கடிதம் கண்ணில் பட்டபோது, 30 நாள் சலுகைக் காலத்தில் 26-வது நாள். இரவு பதினோரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து கட்டினேன். தவறவிட்டிருந்தால் புதுப்பிக்க வழி உண்டு, ஆனால் உடல்நலத்தைப் புதிதாக மெய்ப்பிக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுதான் எனக்கு ரத்த அழுத்த மாத்திரை ஆரம்பித்திருந்தது. மாதத் தவணைக்கு மாறாமல் ஆண்டுக் கட்டணத்திலேயே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: ஆண்டுக்கு ஒருமுறை மறக்கலாம், பன்னிரண்டு முறை மறக்கும் வாய்ப்பு வேண்டாம். தவணையாகக் கட்டினால் மொத்தத்தில் கொஞ்சம் கூடுதலாகவும் ஆகிறது.

குறை என்றால் ஒன்றைச் சொல்வேன். காப்புத் தொகையும் ஏறுவதில்லை. 5 சதவீத விலையேற்றத்தில் 14 ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். கடன் குறைந்துகொண்டே வருகிறது, பிள்ளைகள் வளர்கிறார்கள், ஆகவே தேவையும் குறையும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பழைய தாளை எடுத்துத் திரும்பக் கூட்டியபோது துண்டு விழுந்தது. 41 வயதில் இன்னொரு சிறிய பாலிசி எடுத்தேன், 15 ஆண்டுகளுக்கு மட்டும். காலம் பாதிதான், இருந்தும் வயதும் ரத்த அழுத்தமும் சேர்ந்து, ஒப்பிட்டால் பழையதைப் போல் இரு மடங்கு விலை. முதல் பாலிசியையே கொஞ்சம் தாராளமாக எடுத்திருக்கலாம்.

போன ஆண்டு உடன் வேலை பார்த்த ஒருவர் இறந்தார். பாலிசி இருந்தது, பிரீமியம் பாக்கி இல்லை. நாமினி இடத்தில் திருமணத்துக்கு முன் எழுதிய அம்மாவின் பெயர். அந்த அம்மா காலமாகி நான்கு ஆண்டுகள். அவர் மனைவி வாரிசு ஆவணங்களுக்காக மாதக்கணக்கில் அலைந்தார். நான் வீட்டுக்கு வந்து முதல் வேலையாக என் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். என்னுடையதில் மனைவி பெயர்தான் இருந்தது, ஆனால் பழைய வீட்டு முகவரியோடு.

அதைத் திருத்திய கையோடு அவளை உட்காரவைத்து, பாலிசி எண்கள், காப்புத் தொகை, எங்கே தொடர்புகொள்வது எல்லாவற்றையும் அவள் கையாலேயே ஒரு தாளில் எழுதச் சொன்னேன். "இந்தப் பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். இந்த மாதம் பிரீமியம் கட்டப்போகும்போது கோப்பைத் திறந்தால், அந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் புதிதாக ஒரு வரி: கார்டு காலாவதியாகும் மாதம்.