காணாமல்போன விமானவீரரைத் தேட: போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல்

இரண்டாம் உலகப் போரில் விமானத்தோடு போய்த் திரும்பாத தாத்தாவைப் பற்றிக் கடலூர்ப் பக்கத்து வீட்டில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரு தந்தியும் சட்டம் போட்ட போட்டோவும்தான். மேற்கொண்டு தெரிந்துகொள்ள முதலில் திறக்க வேண்டியது, இரு உலகப் போர்களிலும் இறந்த காமன்வெல்த் படையினரின் கல்லறைகளையும் நினைவிடங்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தேடல் பக்கம். காசு கேட்பதில்லை.

பலரும் சறுக்குவது நினைவிடத்தைத் தேர்ந்தெடுப்பதில். பர்மா மேல் பறந்து மறைந்தவர் என்றால் ரங்கூன் நினைவிடத்தைத்தான் யாரும் தேடுவார்கள். அங்கே உள்ள சுமார் 27,000 பெயர்கள் தரைப்படையினருடையவை. தெற்கு, கிழக்கு ஆசியாவிலும் சுற்றியுள்ள கடல்களிலும் மறைந்து, கல்லறை தெரியாமல்போன விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உடல் கிடைத்து அடக்கம் நடந்திருந்தால் ஏதாவதொரு கல்லறையின் பட்டியலில் இருக்கும். எனவே நினைவிடக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஏர் ஃபோர்ஸ், இரண்டாம் உலகப் போர் என்பவை மட்டும் போதும். நாடு என்ற கட்டமும் காலியாகவே இருக்கட்டும்: அது கல்லறையோ நினைவிடமோ இருக்கும் நாடு; 'இந்தியா' என்று போட்டதும் சிங்கப்பூரில் பெயர் உள்ளவர் வடிகட்டப்பட்டுவிடுவார்.

அடுத்த தலைவலி பெயர். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுங்கள். 'சாமி'யை எஸ்-ஏ-எம்-ஒய், எஸ்-டபிள்யூ-ஏ-எம்-ஒய் என இரு விதமாகவும் முயல வேண்டும். கூடுதல் தகவல் கட்டத்தில் கடலூரோடு நிற்காமல் பழைய மாவட்டப் பெயரான தென்னாற்காட்டையும் தேடுங்கள். படை எண் கையில் இருந்தால் இந்தப் பாடு எதுவும் இல்லை.

தேதியில் கவனம். வீட்டுக் கடிதத்தில் இருப்பது இறந்ததாகக் கருதி அறிவித்த நாளாக இருக்கலாம். அது விமானம் திரும்பாத நாளுக்குப் பல மாதம் கழித்து வரும். முன்னும் பின்னும் ஓராண்டு விட்டுத் தேடுங்கள்.

பதவி, படை எண், பலருக்கு ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) எண், நினைவிடத்தில் பெயர் இருக்கும் பத்தி எண், அச்செடுக்க ஒரு சான்றிதழ்: கிடைப்பது இவ்வளவே. எந்த விமானம், எத்தனை மணிக்குக் கிளம்பியது என்பதெல்லாம் இங்கே வராது. பிரிட்டிஷ் விமானப்படை ஸ்குவாட்ரன் என்றால் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 27' வரிசை நாட்குறிப்புகளைப் பாருங்கள். விமானியின் பெயரும் பறந்த நேரமும் அவற்றிலுள்ள படிவம் 541-ல் இருக்கும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பிரெஞ்சுப் படையில் இருந்தவரை இங்கே தேடாதீர்கள். அதற்குப் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெமுவார் தேஸ் ஓம்' தளம் இருக்கிறது. 1971 போரில் காணாமல்போனவர்களும் இதில் வரமாட்டார்கள். ஆணையத்தின் கணக்கு 31 டிசம்பர் 1947-ஓடு முடிகிறது.