இணைவிசைச் சமநிலைக் கருவி: உப்புக்காற்றுக்குத் தாங்குமா?

இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில், இணைவிசைகள் (ஒன்றுக்கொன்று இணையாகச் செயல்படும் விசைகள்) சமநிலையில் நிற்பதைக் காட்ட எங்கள் பதினோராம் வகுப்புக்கு வாங்கிய செட்: மர மீட்டர் அளவுகோல், இரண்டு சுருள்வில் தராசுகள், கொக்கி எடைகள். அளவுகோலை 10, 90 செ.மீ. குறிகளில் தராசுகளில் தொங்கவிட்டு, 30-இல் 400 கிராம், அதாவது சுமார் 4 நியூட்டன், மாட்டினோம். இடது தராசு 3.5, வலது 1.5. கூட்டினால் 5 வருகிறதே என்று பிள்ளைகள் விழிக்க, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, “ஸ்கேலோட எடை சார்!” என்றாள். அந்தக் கேள்விக்காகவே இதை வாங்கலாம். அளவுகோல் கிடையாக நிற்கும்படி திருகிச் சரிசெய்யவும் முடிகிறது.

குறை என்றால் இரும்புதான். கடற்காற்றில் கொக்கிகள் சீக்கிரமே துருப்பிடித்தன. அப்புறம் தராசுக்குள் சுருள்வில்லும் துருவேறி முள் சிக்குகிறது. பாம்பன், தொண்டிப் பக்கத்து ஆசிரியர்கள் பித்தளைக் கொக்கியாகக் கேட்டு வாங்குங்கள். வகுப்பு முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்து, மூடிய டப்பாவில் வையுங்கள்.