பர்ஸ் வீட்டில், நீங்கள் விமான நிலைய வாசலில்: எந்த வழி கைகொடுக்கும்?

காலை ஐந்தரை மணி. முனைய வாசலில் எனக்கு முன்னால் நான்கு பேர்தான். பின்பாக்கெட்டில் கை விட்டபோதுதான் பர்ஸ் நேற்றுப் போட்ட பேன்ட்டோடு வீட்டில் கிடக்கிறது என்று உறைத்தது. கைபேசி கேலரியில் ஆதார் அட்டையின் படம் இருந்தது, எப்போதோ யாருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பியது. அதை நீட்டினேன். சிஐஎஸ்எஃப் காவலர் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "போட்டோ செல்லாது சார், ஆப்ல காட்டுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

ஓரமாக ஒதுங்கி நின்று, அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரைத் திறந்தால் அது ஆறு இலக்க பின் கேட்டது. மறந்துபோன பின். இரண்டு முறை தப்பாகப் போட்டு, அப்புறம் ஓடிபி வரவழைத்து, புதுப் பின் வைத்து, ஆதாரை எடுத்துக் காட்டுவதற்குள் பதினொரு நிமிடம். உள்ளே போய்விட்டேன், விமானமும் கிடைத்தது. ஆனால் அந்தப் பதினொரு நிமிடத்தில் மனசுக்குள் ஓடிய மற்ற வழிகளையெல்லாம் பிறகு ஆற அமர ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதலில் விதி. பல நாடுகளில் முனையத்துக்குள் யாரும் நுழையலாம். இங்கே கதவிலேயே டிக்கெட்டையும் அடையாளத்தையும் பார்க்கிறார்கள். 2017 அக்டோபரில் விமானப் பாதுகாப்பு அமைப்பான பிசிஏஎஸ் பத்து அடையாளங்களைப் பட்டியல் போட்டது. பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, ஆதார் அல்லது எம்-ஆதார் (ஆதாரின் கைபேசிச் செயலி), பான் கார்டு, ஓட்டுநர் உரிமம் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. பணியிட அட்டை, மாணவர் அட்டை, தேசியமயமாக்கப்பட்ட வங்கி தந்த, படம் ஒட்டிய பாஸ்புக், ஓய்வூதிய அட்டை, மாற்றுத்திறனாளி அட்டை ஆகியவையும் அதில் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதனால் பதறுவதற்கு முன் பையின் எல்லா அறைகளையும் ஒருமுறை துழாவுங்கள். கழுத்தில் தொங்கவிட மறந்த அலுவலக அட்டை, அடியில் கிடக்கும் பான் கார்டு, ஏதாவது ஒன்று சிக்கலாம். பான் கார்டில் முகவரி இல்லையே என்று கவலை வேண்டாம், விமானத்துக்கு முகவரி தேவையில்லை.

பையில் எதுவும் இல்லையென்றால் கைபேசிதான் கதி. இங்கே நிஜமான போட்டி டிஜிலாக்கருக்கும் எம்-ஆதாருக்கும்தான். கேலரியில் இருக்கும் படம் இந்தப் போட்டியிலேயே இல்லை. காவலர் மனம் வைத்தால் உண்டு, அதை நம்பி டாக்சி ஏறக்கூடாது.

டிஜிலாக்கர் 2015-இல் வந்தது. அதில் அரசுத் துறை வழங்கிய ஆவணம் அசலுக்குச் சமம் என்று 2017-இல் விதியிலேயே சேர்த்துவிட்டார்கள். இதன் பெரிய பலம், ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும் என்பது. ஒன்று திறக்க மறுத்தால் இன்னொன்று. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. செயலியில் இரண்டு பகுதிகள்: துறையிலிருந்து நேராக வந்த ஆவணங்கள் ஒன்று, நாமே ஸ்கேன் செய்து ஏற்றியவை இன்னொன்று. அசலுக்குச் சமம் என்ற மரியாதை முதல் வகைக்கு மட்டும்தான். இரண்டாவது வகையில் ஏற்றி வைத்துவிட்டு 'டிஜிலாக்கரில் இருக்கிறது' என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. அது கேலரிப் படத்துக்கு அண்ணன், அவ்வளவுதான்.

எம்-ஆதாருக்கு விதியிலேயே பெயர் சொல்லி இடம் கொடுத்திருப்பதால் காவலரிடம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே எண்ணில் பதிந்திருந்தால் வீட்டாரின் ஆதாரையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். பர்ஸ் மறந்தது அப்பா, செயலி வைத்திருப்பது மகள் என்ற நிலைமைக்கு இது நல்ல ஏற்பாடு. குறை, ஒரே ஓர் ஆவணத்தை நம்பி நிற்க வேண்டும் என்பது.

இரண்டுக்கும் பொதுவான எமன் ஓடிபி. ஆதாரில் பதிந்த எண் பழைய எண்ணாக இருந்தால், அந்த சிம் இப்போது வேறு யாரிடமோ இருந்தால், வாசலில் நின்று எதுவும் செய்ய முடியாது. நெட் சரியாக எடுக்கவில்லையா? விமான நிலைய வைஃபையைப் பிடிக்கப் போனால் அதுவும் ஓடிபிதான் கேட்கும். ஆகவே என் ஓட்டு டிஜிலாக்கருக்கு, ஆனால் வீட்டிலேயே திறந்து பார்த்த டிஜிலாக்கருக்கு.

இ-ஆதார் பிடிஎஃப்பையும் சொல்ல வேண்டும். தரவிறக்கி வைத்திருந்தால் நெட் இல்லாமலே திறக்கும். கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், கூடவே பிறந்த வருடம். பக்கத்தில் அச்சுக் கடை திறந்திருந்தால் தாளாகவும் எடுத்துக்கொள்ளலாம். கடைசி அரணாகப் பரவாயில்லை.

முகத்தைக் காட்டி நுழைய உதவும் டிஜியாத்ரா செயலியைப் பற்றித்தான் பெரிய தப்பெண்ணம் இருக்கிறது. 2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கியது, பிறகு பல ஊர்களுக்குப் பரவியது. முகத்தைக் காட்டினால் கதவு திறக்கிறது, வரிசை குறைகிறது, எல்லாம் உண்மை. முகம் இருக்க அட்டை எதற்கு என்று அட்டையையே வீட்டில் வைத்துவிட்டு வருவது வேறு விஷயம். எந்த இடத்திலும் காவலர் அடையாளம் கேட்கலாம், பெட்டியை ஒப்படைக்கும் கவுண்டரிலும் கேட்கலாம். தவிர, அதில் பதிவு செய்யவே ஆதார் வேண்டும், அதற்கும் ஓடிபி. டிஜியாத்ரா வரிசையைக் குறைக்கும் கருவி. அட்டை மறந்தவருக்கு அது பாதி உதவிதான்.

வீட்டிலிருந்து யாரையாவது அட்டையோடு வரச்சொல்வது பழைய வழி, இன்றும் உறுதியான வழி. கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். பெட்டி போட வேண்டியவர் என்றால் பெரும்பாலான நிறுவனங்கள் விமானம் கிளம்புவதற்கு 60 நிமிடம் முன்பே கவுண்டரை மூடிவிடும். கைப்பை மட்டும்தான், வெப் செக்-இன்னும் முடிந்தது என்றால் இன்னும் கொஞ்சம் மூச்சு விடலாம். வீடு முக்கால் மணி தூரம், கையில் ஒன்றரை மணி நேரம் இருக்கிறதா? முதலில் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டு, அவர்கள் வரும் வழியில் செயலியோடு மல்லுக்கட்டுங்கள். நான் அன்று தலைகீழாகச் செய்தேன், தப்பித்தது அதிர்ஷ்டம்.

எதுவுமே இல்லாதவருக்கு விதியில் இன்னொரு கதவும் உண்டு: 'குரூப் ஏ' அரசிதழ் அதிகாரி தன் லெட்டர்ஹெட்டில், சான்றொப்பமிட்ட படத்தோடு தரும் அடையாளச் சான்றிதழ். அட்டைகளெல்லாம் தொலைந்து, பயணத்துக்கு இரண்டு நாள் இருப்பவருக்கு இது வழி. விடிகாலையில் பச்சை மைக் கையெழுத்துக்கு யாரைப் போய் எழுப்புவது?

சரி, ரயிலுக்கு மாறிவிடலாமா? இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்கு அங்கேயும் அடையாளம் வேண்டும், இல்லையென்றால் டிக்கெட் இல்லாத பயணி என்றுதான் கணக்கு. ஒரு வசதி, ஒரே பிஎன்ஆரில் போகிறவர்களில் ஒருவரிடம் அட்டை இருந்தால் போதும். விமானத்தில் அந்தச் சலுகை, அட்டை வைத்திருக்கும் பெற்றோரோடு வரும் சிறுவர்களுக்கு மட்டும்தான். தனியாகப் போகிறவருக்கு ரயில் எந்த வகையிலும் எளிதல்ல.

இன்னொன்று, நம் ஆட்களுக்கே உரிய இனிஷியல் தகராறு. டிக்கெட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக விரிந்திருக்கும், ஆதாரில் ஓர் எழுத்து முன்னால் நிற்கும், பான் கார்டில் வேறு மாதிரி. பர்ஸ் முழுக்க அட்டைகள் இருக்கும்போது பொருந்துகிற ஒன்றை எடுத்துக் காட்டுவோம். கைபேசியில் ஒரே ஓர் ஆவணத்தை மட்டும் வைத்திருந்தால், டிக்கெட்டில் இருக்கும் பெயர் அதில் இருக்கும் பெயராகவே இருக்கட்டும். டிக்கெட் எடுக்கும்போதே அந்த ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டினால் வேலை முடிந்தது.