டனலா, தரைக்கு அடியா, பக்கச் சட்டமா? லோகாஸ்டில் பெட்ரோல் குழாயும் வயரிங்கும்

லோட்டஸ் செவன் என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரின் அச்சில் பிரிட்டனில் பலர் வீட்டு காராஜிலேயே கட்டும் இரண்டு இருக்கை வண்டிக்கு லோகாஸ்ட் என்று பெயர். இன்ஜின் முன்னால், பெட்ரோல் டேங்க் பின்னால். நடுவே உள்ள சதுரக் குழாய்ச் சட்டத்தைப் பெட்ரோலும் மின்சாரமும் கடக்க மூன்று வழிகள் உண்டு.

தரைத்தகட்டுக்கு அடியில் கொண்டுபோவது வேலைக்குச் சுலபம், ஆனால் இந்த வண்டிக்கு ஒத்துவராது. தரையிலிருந்து உயரம் மிகக் குறைவு. வேகத்தடை உரசும், ஜாக்கைத் தப்பான இடத்தில் வைத்தால் குழாய் நசுங்கும்.

பக்கச் சட்டத்தில் இடம் தாராளம். ஆனால் ஒரு பக்கம் சைலன்சர் போகிறது, மறுபக்கமோ மோதலில் முதலில் அடிபடும் இடம். அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்து மூடிவிட்டால் பிறகு கை நுழையாது. பின்விளக்கு வயர்களுக்கு இது போதும். பெட்ரோலை இங்கே விடாதீர்கள்.

மிச்சம் இருப்பது, இன்ஜின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிராப்பெல்லர் ஷாஃப்ட் ஓடும் நடு டனல். நான்கு பக்கமும் இரும்புச் சட்டம், தூரமும் குறைவு. ஷாஃப்ட் முனையில் வளைந்து கொடுக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்ட் சாட்டைபோல் சுழன்று குழாயை அறுத்துவிடும் என்று சிலர் இதை ஒதுக்குகிறார்கள். பயம் நியாயமானதே. அதற்காக வழியை மாற்ற வேண்டாம்: முன் ஜாயின்ட் அருகே ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் போடுங்கள், குழாயை மூலையோடு ஒட்டி நிறுத்துங்கள். சைலன்சர் இல்லாத பக்கத்துக் கீழ் மூலையில் பெட்ரோல், எதிர்ப்பக்கத்து மேல் மூலையில் வயரிங். கசிந்தால் பெட்ரோல் கீழே சொட்டும், வயர் மேல் படாது. டனலை அடியில் தகடு போட்டு மூடினால் ஆவி தேங்கும், ஆகவே திறந்தே இருக்கட்டும். டனலுக்குள் ஒரு இணைப்பும் கூடாது. குழாயையும் வயரையும் ஒரே கேபிள் டையில் கட்டுவது மன்னிக்க முடியாத சோம்பல்.

குழாய்க்கு 8 மி.மீ. குனிஃபர், அதாவது செம்பு-நிக்கல் கலவை. கையாலேயே ஓரளவு வளையும், துருப்பிடிக்காது. வெறும் செம்பு அதிர்வில் இறுகி, வாய் விரித்த இடத்தில் விரிசல் விடும். இரும்பு உறுதியானது, ஆனால் துருப்பிடிக்கும். நைலான் 12 மலிவு. சைலன்சர் சூட்டுக்குப் பக்கத்தில் நிற்காது.

ரப்பர் ஹோஸ் இரு முனைகளில் மட்டும், 150–200 மி.மீ. நீளம். இன்ஜின் தன் ரப்பர் மவுண்டில் ஆடும், அந்த ஆட்டத்தைத் தாங்கத்தான் அது. இன்ஜெக்ஷனில் அழுத்தம் சுமார் 3 பார் என்பதால் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற தரக்குறி உள்ள ரகம் வேண்டும். 2021 செப்டம்பரில் பிரிட்டனில் 10% வரை எத்தனால் கலந்த இ10 பெட்ரோல் வந்ததிலிருந்து, எத்தனாலைத் தாங்கும் உள்பூச்சுக்காகவும் அதுவே நல்லது. குழாய் முனையில் ஒரு புடைப்பு எழுப்பி, ஹோஸை 25 மி.மீ. ஏற்றி, புடைப்புக்குப் பின்னால் கிளிப் போடுங்கள். துளையுள்ள பட்டைக் கிளிப் ரப்பரை வெட்டும். துளையில்லாத பட்டையே வாங்குங்கள்.

வயரில் பலர் தவறுவது தடிமனில். பெட்ரோல் பம்ப் 8 ஆம்பியர் இழுக்கிறது, போக வர 6 மீட்டர் வயர் என்றால், 1 ச.மி.மீ. வயரில் சுமார் 0.84 வோல்ட் இழப்பு, 2 ச.மி.மீ.யில் 0.42. எனவே 2 ச.மி.மீ. எடுங்கள். பவுடர் பெயின்ட் அடித்த சட்டத்தை எர்த்தாக நம்பாமல் தனி எர்த் வயர் இழுங்கள். பேட்டரியை முன்னால் வைப்பதே மேல். பின்னால் வைத்தால் ஃபியூஸ் இல்லாத தடித்த ஸ்டார்ட்டர் கேபிளும் பெட்ரோலும் ஒரே டனலில் வந்து சேரும்.

ரப்பர் உறை போட்ட பி-கிளிப்பை 300 மி.மீ.க்கு ஒன்று வீதம் அடியுங்கள், வயரிங்குக்கு, வீட்டில் கட்டிய வண்டியைச் சாலையில் விடுமுன் நடக்கும் ஐ.வி.ஏ. சோதனையிலும் அதே இடைவெளிதான் கேட்பார்கள். தகட்டுத் துளை ஒவ்வொன்றுக்கும் கிராமட், அதாவது விளிம்பை மூடும் ரப்பர் வளையம்.

டனலின் மேல்தகட்டை ரிவெட் அடிக்குமுன் டேங்கில் 3 லிட்டர் ஊற்றிப் பம்பை ஓடவிட்டு, ஒவ்வொரு ஹோஸ் கிளிப்பையும் வெள்ளை டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் பம்பை நிறுத்தி, கிளிப்பை இறுக்காமல் ஹோஸை வெட்டிப் புதிதாக ஏற்றுங்கள்.