மின்மோட்டாரில் நகரும் ஆவண அலமாரி வாங்க இருப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் படிக்க வேண்டிய எச்சரிக்கை

சென்னையில் உள்ள ஒரு பழைய கல்வி அறக்கட்டளையின் ஆவணக் காப்பறைக்கு நான் பொறுப்பாளர். மோட்டாரில் நகரும் காம்பாக்டர் அலமாரிகளை ‘ஸ்மார்ட் கன்ட்ரோல்’ வசதியுடன் எங்களுக்கு விற்ற நிறுவனம், விலைப்புள்ளியில் எழுத்து மூலம் கொடுத்த உறுதிகளில் பெரும்பாலானவற்றை நிறைவேற்றவில்லை. அவற்றில் சில, கொடுத்த அன்றே பொய் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தவை. வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பப்பட்டுள்ளதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் ஏமாற்று எந்த வழியில் நடந்தது என்பதை முழுமையாக எழுதுவது அவசியம் என்று கருதுகிறேன். கல்லூரிகள், கோயில் நிர்வாகங்கள், கூட்டுறவு வங்கிகள் என்று பல இடங்களில் இன்று இதே வகை அலமாரிகளை வாங்கும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் ஆவணங்கள் முன்பு தரைத்தளத்தில் இருந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தட்டுகளில் இருந்த பேரேடுகள் நனைந்த பிறகு, எல்லாவற்றையும் முதல் மாடிக்கு ஏற்றினோம். மாடியில் இடம் குறைவு என்பதால்தான் காம்பாக்டர் யோசனையே வந்தது. நிலையான ரேக்குகளில் இரண்டு வரிசைக்கு ஒரு இடைவழி விட வேண்டும். காம்பாக்டரில் அலமாரிகள் தண்டவாளத்தின் மேல் நகர்வதால் மொத்த அறைக்கும் ஒரே இடைவழி போதும், ஆகவே அதே அறையில் ஏறக்குறைய இரு மடங்கு கோப்புகளை வைக்கலாம். விற்க வருபவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள். இரு மடங்கு கோப்பு என்றால் தளத்தின் மீது இரு மடங்குப் பளு என்பதை அவர்களாக வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

இந்தக் கணக்கை யாரும் தாங்களே போட்டுப் பார்க்கலாம். முழுத்தாள் அளவில் பைண்டு செய்த பேரேடுகளை ஒரு மீட்டர் நீளத்துக்கு நெருக்கமாக அடுக்கினால் எடை 50 கிலோ அளவில் வரும். எங்கள் பேரேடுகளை எடைத் தராசில் வைத்தே பார்த்தோம். 90 செ.மீ. அகலமும் 80 செ.மீ. ஆழமும் உள்ள, இருபுறமும் ஏழு தட்டுகள் கொண்ட ஒரு யூனிட்டில் 12.6 மீட்டர் நீளத்துக்குக் கோப்பு வைக்கலாம். அதாவது 630 கிலோ காகிதம், முக்கால் சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் நிற்கிறது. அலமாரியின் இரும்பையும் அடியில் ஓடும் வண்டியின் எடையையும் சேர்த்தால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன். கட்டடங்களின் பளுவுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 875, இரண்டாம் பகுதி (1987), அலுவலகக் கட்டடத்தில் கோப்புகள் வைக்கும் அறைக்கே சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன், அதாவது சுமார் அரை டன், என்றுதான் சொல்கிறது. தனிக் கோப்பறை உள்ள கட்டடத்தின் சாதாரண அலுவலக அறைக்கு அது 2.5 கிலோநியூட்டன்தான். எங்கள் முதல் மாடி, வகுப்பறையாகவும் அலுவலகமாகவும் கட்டப்பட்டது.

விற்பனைப் பிரதிநிதியிடம் இதை நேரடியாகக் கேட்டேன். “எடை தண்டவாளம் வழியாகப் பரவிவிடும் சார், தளத்துக்குப் பிரச்சினையே வராது. எங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சான்றிதழ் தருவார்” என்றார். தண்டவாளம் பளுவை ஒரு கோட்டின் மீது பகிர்ந்து கொடுக்குமே தவிர, மொத்தப் பளுவில் ஒரு கிலோவைக்கூடக் குறைக்காது. சக்கரம் நிற்கும் புள்ளிகளில் தளம் கூடுதலாகவே சோதிக்கப்படுகிறது. அந்தச் சான்றிதழ் வந்தால்தான் பொருளை இறக்க விடுவோம் என்று கொள்முதல் ஆணையில் எழுதினோம். சான்றிதழ் வந்தது, பொருளும் இறங்கியது. பின்னர் நாங்கள் அமர்த்திய கட்டமைப்புப் பொறியாளர் அந்தத் தாளைப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. அதில் கையெழுத்திட்டிருந்தவர் பொறியாளரே அல்லர், அந்நிறுவனத்தின் விற்பனை மேலாளர். பதிவெண் இருக்க வேண்டிய இடத்தில் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண் இருந்தது. எங்கள் கட்டடத்தின் கம்பி விவரம், விட்டங்களின் இடைவெளி, கான்கிரீட்டின் தரம் எதுவும் கேட்கப்படாமலேயே, “தளம் போதிய வலுவுடன் உள்ளது” என்று ஒரு வாக்கியம் மட்டும் அடிக்கப்பட்டிருந்தது.

அலமாரிகளில் பாதி நிரப்பியபோதே நடு அறையில் இருந்த இரண்டு யூனிட்டுகள் மெல்ல நடுவை நோக்கிச் சாயத் தொடங்கின. பளுவில் தளம் நடுவில் தாழ்ந்திருந்தது. ஓரத்துத் தரைப்பலகையைக் கழற்றிப் பார்த்தோம். தண்டவாளத்தின் அடியில் முழு நீளத்துக்கும் சுருங்காத சிமென்ட் கலவை நிரப்பப்படும் என்பது ஒப்பந்தம். அங்கே இருந்தவை, மட்டம் சரிசெய்வதற்காக அங்கங்கே செருகிய பிளைவுட் துண்டுகள். சில துண்டுகள் ஏற்கெனவே நசுங்கி, தண்டவாளத்துக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தன. எங்கள் பொறியாளர் அன்றே பாதிக் கோப்புகளை இறக்கச் சொல்லிவிட்டார். சென்னை, நிலநடுக்க அபாயம் மிதமாக உள்ள பகுதியில் இருக்கிறது. உயரமான, பளு நிறைந்த, சக்கரத்தில் நிற்கும் அலமாரி கவிழாமல் தடுக்கும் கொக்கிகள் தண்டவாளத்தில் உள்ளனவா என்றும் அவர் தேடினார். ஒரு யூனிட்டில்கூட இல்லை.

தகட்டின் தடிமன் விஷயத்திலும் இதே கதைதான். ஒரு மி.மீ. என்று விலைப்புள்ளியில் எழுதிவிட்டு, பவுடர் பூச்சைச் சுரண்டி மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் 0.8 மி.மீ. இருந்தது.

என்னை மிகவும் கலங்கவைத்தது பாதுகாப்பு சென்சார்கள் பற்றிய பொய். சரியாக அமைக்கப்பட்ட மோட்டார் காம்பாக்டரில் இரண்டு அடுக்குப் பாதுகாப்பு இருக்க வேண்டும். இடைவழியின் வாயிலில் உள்ள ஒளிக்கற்றை, ஆள் உள்ளே நுழைந்ததை உணர்ந்து மொத்த அமைப்பையும் பூட்டிவிட வேண்டும். அவர் வெளியே வந்து, உள்ளே யாரும் இல்லை என்று கண்ணால் பார்த்து விடுவிப்புப் பொத்தானை அழுத்தும் வரை எதுவும் நகரக்கூடாது. அதோடு, ஒவ்வொரு யூனிட்டின் அடியிலும் இருபுறமும் முழு நீளத்துக்கு ஓடும் தொடுபட்டை, எதன் மீதாவது பட்டவுடன் மோட்டாரை நிறுத்த வேண்டும். எங்கள் அறையில் உதவியாளர் ஒருவர் கடைசித் தட்டில் குனிந்து கோப்பு தேடிக்கொண்டிருந்தபோது, மறுமுனையில் இருந்தவர் வேறு இடைவழியைத் திறக்கப் பொத்தானை அழுத்திவிட்டார். அலமாரி நகரத் தொடங்கியது. உதவியாளர் போட்ட சத்தத்தில் அவசர நிறுத்தப் பொத்தான் அழுத்தப்பட்டதால் காயமின்றித் தப்பினார். பிறகு காலி அட்டைப்பெட்டிகளை ஒவ்வொரு இடைவழியிலும் வைத்துச் சோதித்தோம். தொடுபட்டை ஒரு புறம் மட்டுமே வேலை செய்தது. மறுபுறம் இருந்தது வெறும் ரப்பர் பட்டை, அதற்குள் கம்பியே இல்லை. வாயில் சென்சாரின் விளக்கு எரிந்தது, ஆனால் அதன் இணைப்பு, மோட்டார்களை இயக்கும் கன்ட்ரோலருக்குச் செல்லவில்லை. ஒரு மனிதரின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் வெறும் விளக்கை எரியவிட்டு ஒப்படைத்தவர்களை என்னால் மன்னிக்க இயலவில்லை.

கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. “தீ எச்சரிக்கை அமைப்புடன் இணைப்பு” என்ற வரிக்குத் தனித் தொகை வாங்கியிருந்தார்கள். தீ எச்சரிக்கை ஒலித்தவுடன் அலமாரிகள் தாமாகச் சம இடைவெளியில் விலகி நிற்பதற்கான வசதி அது. ஒட்டி நிற்கும் அலமாரிகளுக்குள் மேலிருந்து தெளிக்கும் தண்ணீர் இறங்காது என்பதால் காப்பறைக்கு இது மிக முக்கியமானது. இரவு நேரத்தில் இதே விலகல் காற்றோட்டத்துக்கும் தேவைப்படுகிறது. கடற்கரை ஊரில் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தாலே காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும் அபாயம் தொடங்குகிறது. அலமாரிகள் இரவெல்லாம் ஒட்டி நின்றால் உள்ளே காற்றே அசையாது. பெட்டிக்குள் ‘ஃபயர்’ என்று அச்சிடப்பட்ட இரண்டு முனைகள் இருந்தன. இரண்டிலும் ஒரு கம்பிகூடச் செருகப்படவில்லை. திருகுகளின் மேலிருந்த பிளாஸ்டிக் மூடிகூடக் கழற்றப்படவில்லை.

மின்தடையின்போது கையால் இயக்கலாம் என்பதும் எழுதிக் கொடுத்த உறுதியே. வடகிழக்குப் பருவமழையில் மின்சாரம் போன ஒரு நாளில், மறுநாள் நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய நிலப் பத்திரம் மூடிய இடைவழிக்குள் சிக்கிக்கொண்டது. தொலைபேசியில் கேட்டபோது, கைப்பிடி தனியாக வாங்க வேண்டிய பொருள் என்றார்கள். அதற்கும் பணம் கொடுத்து வாங்கிய பிறகு அது சுழலவே இல்லை. மோட்டாருடன் இருக்கும் வார்ம் கியர் என்ற திருகு வடிவப் பல்சக்கரம், அலமாரிச் சக்கரத்தின் பக்கமிருந்து தள்ளினால் பின்னோக்கிச் சுற்றாது. மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் கிளட்சை விடுவித்தால்தான் அலமாரியைக் கையால் நகர்த்த முடியும். அந்த விடுவிப்பை டச் ஸ்கிரீன் வழியாகச் செய்யும்படி வடிவமைத்திருந்தார்கள். மின்சாரம் இல்லாதபோது ஸ்கிரீன் எப்படி எரியும் என்ற கேள்விக்கு அவர்களிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை.

இந்தக் குறைகளைப் பட்டியலிட்டு, நிலுவைத் தொகையை நிறுத்திவைப்பதாகக் கடிதம் எழுதினோம். சில நாட்களில், காலையில் அமைப்பை இயக்கியபோது, உரிமக் காலம் முடிந்துவிட்டது, சேவை மையத்தை அணுகவும் என்ற செய்தி ஸ்கிரீனில் வந்தது. ‘ஸ்மார்ட் கன்ட்ரோல்’ அவர்களுடைய சர்வர் வழியாக இயங்குகிறது என்பதோ, ஆண்டுச் சந்தா உண்டு என்பதோ விலைப்புள்ளியிலும் ஒப்பந்தத்திலும் எங்கும் இல்லை. முதன்மைக் கடவுச்சொல் அவர்களிடம் மட்டுமே இருந்தது. எங்கள் அறையில், எங்கள் பணத்தில் வாங்கிய அலமாரிக்குள், எங்கள் பத்திரங்களைப் பிணையாக வைத்துக்கொண்டு நிலுவையைக் கேட்டார்கள். வெளியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்து, மோட்டார்களின் சங்கிலிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிய பிறகே இடைவழிகளைத் திறக்க முடிந்தது.

ஆகவே இதை வாங்க நினைப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, ஸ்கிரீனையும் செயலியையும் பார்ப்பதற்கு முன், உங்கள் ஆவணத்தை எடை போட்டுப் பாருங்கள். அந்த எடையைக் கட்டடத்தின் வரைபடத்துடன், நீங்களே தேர்ந்தெடுத்து நீங்களே ஊதியம் கொடுக்கும் ஒரு பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரிடம் கொடுங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, இத்தகைய பொறியாளர்களின் பதிவுக்கு வழி செய்திருக்கிறது. ஆகவே பதிவெண்ணைக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. விற்பவர் தரும் சான்றிதழ் எதையும் இதற்கு மாற்றாக ஏற்க வேண்டாம். நாளொன்றுக்குச் சில கோப்புகள் மட்டுமே எடுக்கப்படும் அறைக்கு மோட்டாரே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. கைச்சக்கரமும் பல்சக்கரக் குறைப்பும் உள்ள சாதாரணக் காம்பாக்டரில், பல டன் எடையை ஒருவர் ஒரு கையால் நகர்த்தலாம், மின்சாரமும் கடவுச்சொல்லும் வேண்டியதில்லை.

மோட்டார்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், முதன்மைக் கடவுச்சொல்லும் கன்ட்ரோலர் நிரலின் நகலும் ஒப்படைப்பு நாளிலேயே கைக்கு வர வேண்டும், இணையத் தொடர்பு இல்லாமலும் அமைப்பு முழுமையாக இயங்க வேண்டும், ஒவ்வொரு யூனிட்டிலும் கருவி இல்லாமல் கையால் கிளட்சை விடுவிக்க முடிய வேண்டும் என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஏற்புச் சோதனையைக் காலி அலமாரியில் நடத்த விடாதீர்கள். எல்லாத் தட்டுகளும் நிரம்பிய பிறகு, மெயின் சுவிட்சை அணைத்து, தீ எச்சரிக்கையை ஒலிக்கச் செய்து, ஒவ்வொரு இடைவழியிலும் பெட்டி வைத்துச் சோதியுங்கள். இறுதித் தவணையில் குறைந்தது பத்து சதவீதத்தை ஓராண்டு முடியும் வரை நிறுத்திவையுங்கள், அல்லது அதற்கு வங்கி உத்தரவாதம் வாங்குங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் நிலுவைத் தொகைக்கான விதி இருந்ததால்தான் இன்று பேசுவதற்கேனும் ஒரு பிடி இருக்கிறது.

சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பதினாறாம் பிரிவின்படி, வாங்குபவர் தம் தேவையை எடுத்துச் சொல்லி விற்பவரின் திறனை நம்பி வாங்கியிருந்தால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே ஒப்பந்தத்தில் அடங்கும் நிபந்தனை. அதன் அடிப்படையில்தான் எங்கள் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியிருக்கிறார். அளவீடுகள், ஒளிப்படங்கள், பொறியாளர் அறிக்கை, அந்தப் பொய்ச் சான்றிதழ் எல்லாம் அதனுடன் இணைக்கப்பட்டுள்ளன. இதற்கிடையே அந்நிறுவனத்தார், எங்களிடம் காட்டிய அதே விளம்பரச் சிற்றேட்டை, நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி அச்சிட்டு, வேறு மாவட்டங்களில் உள்ள கல்லூரிகளுக்குக் கொடுத்துவருவதாக அறிகிறேன். உங்களிடம் வருபவர் தளம் தாங்கும் என்று ஒரு சான்றிதழை நீட்டினால், கையெழுத்திட்ட பொறியாளரின் பதிவெண்ணை வாங்கி, அவரை நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து, “எங்கள் கட்டடத்தை நீங்கள் எப்போது வந்து பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள்.