வளைவான கல் பாதை போடுவோர் கவனத்திற்கு

கிருஷ்ணகிரியை ஒட்டிய எங்கள் வீட்டில், வாசலிலிருந்து வேப்பமரத்தைச் சுற்றிப் பின்கட்டுக்குச் செல்ல, 4 அடி அகலத்தில் அரைவட்டமாக ஒரு கல் பாதை போடும் வேலையை ஓர் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தேன். முதல் பெருமழையிலேயே பாதை உள்வாங்கியது. ஆடிய கல்லில் இடறி விழுந்த என் அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. இன்னொரு வீட்டில் அது நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

8 அங்குலம் தோண்டி, 4 அங்குலம் ஜல்லி கொட்டித் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் ஒன்றரை அங்குலம் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) பரப்பி, 2 அடிக்கு 1 அடி கிரானைட் பலகைகளைப் பதிப்பது என்பதுதான் பேச்சு. ஓசூரில் ஒரு திருமணத்துக்குப் போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது, கற்கள் முழுவதும் பதிக்கப்பட்டிருந்தன. "அடியில எல்லாம் பக்கா சார்" என்றார் ஒப்பந்தக்காரர். நம்பிப் பணத்தை முழுவதுமாகக் கொடுத்துவிட்டேன். மழைக்குப் பிறகு கடப்பாரையால் ஒரு கல்லை நெம்பிப் பார்த்தேன். குழைந்த செம்மண்ணும், அதில் பழைய பூந்தொட்டியின் சில்லு ஒன்றும் கிடந்தனவே தவிர, ஒரு ஜல்லிகூட இல்லை. அடுத்தடுத்து எடுத்த எட்டுக் கற்களின் கீழும் அதே கதைதான்.

வளைவிலும் ஏமாற்று வேலைதான். நீள்சதுரப் பலகைகளை வளைவில் வரிசையாக அடுக்கினால், உட்புறம் ஒன்றோடொன்று முட்டும்போது வெளிப்புறம் ஆப்பு வடிவில் விலகி நிற்கும்; எங்கள் பாதையில் அந்த இடைவெளி ஏறக்குறைய 2 அங்குலம். உட்புற முனை குறுகும்படி ஒவ்வொரு கல்லையும் குறி போட்டு, வைர பிளேடு கொண்ட கட்டிங் மெஷினால் அறுத்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் இடைவெளிகளில் சிமென்ட் கலவையை அப்பியிருந்தார். அது வெடித்த வழியாகத்தான் தண்ணீர் உள்ளே இறங்கியது. இத்தனை கிரானைட் குவாரிகள் உள்ள மாவட்டத்தில், கல் அறுக்க ஆள் கிடைக்கவில்லை என்று அவர் சொன்ன காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

அளவிலும் கையை வைத்திருந்தார். வட்டத்தின் மையத்திலிருந்து உள்ளோரம் 12 அடி, வெளியோரம் 16 அடி. அளவு எடுக்க வேண்டியது பாதையின் நடுக்கோட்டில். அதன்படி நீளம் 44 அடி, பரப்பு 176 சதுர அடி. அவரோ வெளியோரத்தில் டேப்பைப் பிடித்து, 201 சதுர அடிக்குப் பணம் வாங்கியிருக்கிறார். செய்யாத 25 சதுர அடிக்கு நான் கூலி கொடுத்திருக்கிறேன்.

ஆகவே, ஜல்லி இறுகியதை நேரில் மிதித்துப் பார்க்காமல் ஒரு கல்லைக்கூடப் பதிக்க விடாதீர்கள். அதுவரை முன்பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அகலவாக்கில் தண்ணீர் வடிய 4 அடிக்கு 1 அங்குலம் வாட்டம் (சரிவு) இருக்கிறதா என்று ரசமட்டம் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்துப் பாருங்கள். ஓரக்கல்லைக் கான்கிரீட்டில் நிறுத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வளைவு வெளிப்பக்கமாக நகர்ந்துவிடும்.

நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம் என்பதால், பெயர்த்த கற்களின் படங்களையும் அவர் கைப்பட எழுதிக் கொடுத்த அளவுச் சீட்டையும் சேர்த்து மனு தயாரித்து வருகிறேன்.