திரும்பத் திரும்ப வாசிப்பதா, நிறுத்தக்குறியிட்டு எழுதுவதா?

சரளமான வாசிப்புக்காக ஒரே பத்தியைப் பலமுறை உரக்கப் படிக்கவைக்கும் முறையை 1979-இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜே சாமுவேல்ஸ் முன்வைத்தார். சொற்களை அடையாளம் காண்பதில் செலவாகும் கவனம் குறைந்தால் பொருளுக்கு அது மிஞ்சும் என்பதே அதன் அடிப்படை. வேகம் கூடுவதை இதில் எளிதில் அளந்துவிடலாம்; ஆனால் தடையின்றிப் படிக்கும் குழந்தை, படித்தது என்னவென்று கேட்டால் விழிப்பதும் உண்டு.

நிறுத்தக்குறிகளை நீக்கிய பத்தியைத் தந்து, அவற்றை இட்டு எழுதச் சொல்வது இரண்டாவது முறை. 'அம்மா அப்பா வந்துவிட்டார்கள்' என்னும் தொடரில் இருவருமே வந்தார்களா, அப்பா வந்த செய்தியை அம்மாவிடம் யாரோ சொல்கிறார்களா என்பதை முன்பின் வரிகளைப் படிக்காமல் தீர்மானிக்க முடியாது. வியப்புக்குறி வேண்டுமா என்று தயங்கும்போதே மாணவர் பொருளைத் தேடத் தொடங்கிவிடுகிறார், குறியிட்டபின் உரக்கப் படிக்கையில் எங்கே நிறுத்துவது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. (திருத்தும் ஆசிரியருக்கு நேரம் பிடிக்கும் என்பது வேறு.)

எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு முதல் முறையே பொருந்தும். அந்நிலையைத் தாண்டியவருக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். அதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளுக்கு இடந்தரும் பத்தியைத் தேர்ந்தால், மாணவர்கள் தத்தம் குறிகளுக்குக் காரணம் சொல்லவும் வாய்ப்புக் கிடைக்கும்.